ஏழு புராஜெக்ட், ஒரு கயிறு

தாமோதரன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அந்தக் கேம்பஸ் முழுவதும் ஒரே ஃபைலில் கிடந்தது. அவனுக்கு முன்பிருந்த பிளானிங் இன்ஜினீயர் நாலாயிரத்துச் சொச்சம் வேலைகளை மேலிருந்து கீழாக ஒரே பட்டியலாக அடித்து வைத்துவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தான். ஹாஸ்டல் மூன்றாம் மாடிக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு அடுத்த வரியில் மெயின் கேட்டுக்குப் பெயின்ட். அதற்கு அடுத்த வரியில் ஜெனரேட்டர் மேடை. ஃபைல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். திறந்த பிறகும் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அது 2006 மார்ச். சிறுசேரிக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் ரோட்டுக்கு மேற்கில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காக நூறு ஏக்கரில் பயிற்சி வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் பதினைந்தாம் தேதி திறப்பு விழா என்று முடிவாகிவிட்டிருந்தது.

இரண்டு மாதம் உட்கார்ந்து அதை அவன் ஏழாகப் பிரித்தான். மேலே கேம்பஸ் புரோகிராம் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வகுப்பறைகள், ஹாஸ்டல், ரோடு, மின்சாரம், கழிவுநீர் என்று ஏழு புராஜெக்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேனேஜர். அவரவர் தன்னுடையதை மட்டும் திறந்து பார்க்கலாம். ஏழும் சேர்ந்து கடைசித் தேதி எங்கே போய் நிற்கிறது என்பதைத் தாமோதரனும் புராஜெக்ட் டைரக்டர் வெங்கடராகவனும் மட்டும் பார்க்க முடியும். பிரிப்பது பெரிய வேலையாக இல்லை. பிரித்ததை எங்கெங்கே சேர்த்துக் கட்டுவது என்று கண்டுபிடிக்கத்தான் அவன் மண்டை காய்ந்தது. கேபிள் புதைத்த பிறகுதான் ரோடு போட வேண்டும் என்பது மின்சாரக்காரருக்குத் தெரியும், ரோட்டுக்காரருக்குத் தெரியாது. இப்படி ஒரு புராஜெக்டின் வேலையை இன்னொரு புராஜெக்டின் வேலையோடு கட்டுவதற்கு சாஃப்ட்வேரில் லிங்க் என்று பெயர். கட்டிவிட்டால், இங்கே ஒரு வேலை பத்து நாள் தள்ளினால் அங்கே இருப்பதும் தானாகப் பத்து நாள் தள்ளும். வெயிலில் ஏழு இடங்களுக்கும் நடந்து, மேஸ்திரிகளிடம் வாய் கொடுத்து, நாற்பத்தொரு லிங்குகள் போட்டான்.

நாற்பத்திரண்டாவது அவன் அண்ணன் முத்துசாமி சொல்லிப் போட்டது. முத்துசாமி அதைக் கயிறு என்றுதான் சொல்வார்.

அண்ணன் தம்பிக்குப் பத்து வயது வித்தியாசம். பிறந்த ஊர் கருங்குழி. அப்பா போனபோது தாமோதரனுக்குப் பதினொன்று. முத்துசாமி கொத்து வேலைக்குப் போய்த் தம்பியைச் செங்கல்பட்டில் டிப்ளமோ படிக்க வைத்தார். மாமல்லபுரத்தில் ரிசார்ட்டுகள் வரிசையாக எழும்பிய தொண்ணூறுகளில் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பூஞ்சேரிக்குக் குடிவந்தார்கள். ஒரே வீடு. முன்கட்டில் தாமோதரன், அவன் மனைவி தெய்வநாயகி, ஆறு வயது மகன். பின்கட்டில் முத்துசாமி, அவர் மனைவி செங்கம்மாள், மகள் சாருலதா. சாருலதா என்று பெயர் வைத்தது தாமோதரன்தான். அந்த வருஷம் அவள் காலேஜில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தாள். சமையல் ஒன்றுதான். விடியற்காலை செங்கம்மாள் ஒரே சட்டியிலிருந்து இரண்டு டப்பா கட்டுவாள். தாமோதரன் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவான். முத்துசாமி அதே இடத்தில் பத்து நிமிஷம் கழித்து லேபர் டெம்போவில் ஏறுவார்.

அண்ணனை அந்த சைட்டில் சேர்த்துவிட்டவனும் தாமோதரன்தான். கழிவுநீர் டேங்குக்கு உள்பக்கம் ரசாயனப் பூச்சு பூசுகிற கேங்கில் அவர் மேஸ்திரி. டேங்க் பூமிக்குள் இருபதடி. மேலே ஆள் இறங்குகிற ஓட்டை ஒன்று, இரும்பு ஏணி ஒன்று. ஹாஸ்டலிலிருந்து வருகிற பெரிய குழாய் டேங்கின் சுவரில் வந்து வாய் திறக்கும். பூச்சு முடியும்வரை அந்த வாயைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் முத்துசாமி கன்டெய்னர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கால் எடுத்து வைக்கவில்லை. தாமோதரன்தான் எழுந்து வெளியே போனான்.

“தாமு, ஹாஸ்டல்ல மார்பிள் போடறவனுங்க ரெண்டு மாசமா அங்கயே வெளிக்குப் போறானுங்க. அத்தினியும் குழாயில எறங்கி எங்க அடைப்புக்குப் பின்னால நின்னுகினு கீது. செங்கல்ல காது வச்சா கொதிக்கிற மாதிரி சத்தம் வருது. நாங்க உள்ள கீற வரைக்கும் மேலருந்து ஒரு சொட்டுத் தண்ணி வுடக்கூடாது. அத்த உன் கம்பியூட்டர்ல கட்டிப் போட்டுரு.”

தாமோதரன் கட்டிப் போட்டான். டேங்க் பூச்சு முடிந்து ஆட்கள் வெளியேறாமல் ஹாஸ்டல் குழாயில் தண்ணீர்ச் சோதனை தொடங்காது என்று லிங்க் போட்டு, குழாயில் கழிவு நிற்கிறது என்று ஒரு குறிப்பும் எழுதினான். ராத்திரி சாப்பிடும்போது முத்துசாமி அதைச் சொல்லிச் சிரித்தார். படிக்காதவன் சொன்னதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான் என் தம்பி என்று செங்கம்மாளிடம் சொன்னார். செங்கம்மாள் இன்னும் கொஞ்சம் நெத்திலிக் குழம்பை இருவருக்கும் ஊற்றினாள்.

தீபாவளிக்கு அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டுக்குக் கிழக்கே உப்பங்கழி நிரம்பி, சைட்டின் பள்ளங்களில் எல்லாம் தவளை கத்தியது. ஆட்கள் முழங்கால்வரை சேற்றோடு டெம்போவில் ஏறினார்கள். டேங்கின் சுவர் காயவில்லை. ஈரச் சுவரில் அந்தப் பூச்சு நிற்காது. இரண்டாம் நாள் தோல் மாதிரி உரிந்து வரும். முத்துசாமி பெரிய விளக்குகளையும் காற்றடிக்கும் மெஷினையும் உள்ளே இறக்கிக் காயவைத்துப் பார்த்தார். காலையில் காய்ந்த இடம் மத்தியானம் வியர்த்தது. பூச்சு முடிகிற தேதி நவம்பர் பன்னிரண்டிலிருந்து இருபத்தேழுக்குப் போயிற்று. அது காய இன்னும் பத்து நாள் வேண்டும். லிங்க் தன் வேலையைச் செய்தது. ஹாஸ்டல் சோதனை தள்ளிப்போய், அதன் பின்னால் கட்டில் போடுவதும் அறை ஒப்படைப்பதும் தள்ளிப்போய், நடுவில் வருகிற விடுமுறைகளும் சேர்ந்து, புரோகிராமின் கடைசித் தேதி ஜனவரி மூன்று என்று வந்து நின்றது.

ஹாஸ்டல் மேனேஜர் சுப்புராமன் கத்துகிற ஆள். தன்னுடைய கட்டடம் தயாராக நிற்க, எவனோ ஒருவனுடைய சாக்கடைக் குழிக்காகத் தான் ஏன் காத்திருக்க வேண்டும் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டினார். வெங்கடராகவன் யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் தாமோதரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தனக்கு வந்த காபியை அவன் பக்கம் நகர்த்தினார். அவனுடைய மகன் எந்த ஸ்கூலில் படிக்கிறான் என்று விசாரித்தார். அடுத்து ஒரகடத்தில் பதினோரு புராஜெக்டுகள் உள்ள ஒரு புரோகிராம் வரப்போகிறது, அதற்குத் தலைமைப் பிளானராக அவன் பெயரைத்தான் மனதில் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்தார்.

“நான் எதையும் வெட்டச் சொல்லல, தாமோதரன். கிளையன்ட்டுக்குப் போற ரிப்போர்ட்ல ஜனவரின்னு ஒரு வார்த்த வரக்கூடாது. அவ்ளோதான். எப்படிங்கறது உங்களுக்குத் தெரியும்.”

எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் மேஜைக்கு வந்து, நாற்பத்திரண்டாவது லிங்கை எடுத்தான். குறிப்பும் அதோடு போயிற்று. கணக்குப் போடச் சொல்லி ஒரு பட்டனைத் தட்டினான். ஜனவரி மூன்று அழிந்து டிசம்பர் பதினைந்து வந்தது. சோதனைக்கு நவம்பர் இருபத்திரண்டு, புதன்கிழமை என்று தேதி விழுந்தது. அன்றைக்கு டேங்க் பூச்சும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு புராஜெக்டுகள். வாராந்திரத் தாள்கள் புராஜெக்டுக்கு ஒன்றாகத்தான் அச்சாகும். சுப்புராமன் கையில் இருக்கிற தாளில் தண்ணீர்ச் சோதனை மட்டும் இருக்கும். டேங்க்காரர்கள் தாளில் பூச்சு மட்டும் இருக்கும். திங்கட்கிழமை காலை இரண்டு தாளையும் அவனே அச்செடுத்து, அவனே கொண்டுபோய்க் கொடுத்தான்.

சுப்புராமனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான். சொன்னால் அவர் மறுபடி மீட்டிங்கில் கத்துவார், அது வெங்கடராகவன் காதுக்குப் போகும். அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மழையில் நனைந்துகொண்டே கூரையில் ஒழுகுகிற இடத்துக்குத் தார்ப்பாய் போட்டார்கள். முத்துசாமி ஏணியில் நின்று கை நீட்ட, தாமோதரன் கீழிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தான். கயிறை ஏன் எடுத்தாய் என்று அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்த மழையில் புதன்கிழமைக்குள் சுப்புராமனின் ஆட்கள் எங்கே தண்ணீர் விடப்போகிறார்கள், எப்படியும் தள்ளித்தான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சோறும் கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பும். சாருலதா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி பையனைத் தூங்கவைக்கப் போயிருந்தாள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, செங்கம்மாள் பரிமாறினாள். முத்துசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்.

“நாளைக்கு மேல ஹாஸ்டல்ல தண்ணி வுடறாங்கன்னு பசங்க பேசிக்கிறானுங்க. நெசமா?”

தாமோதரன் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு, “உன் தாள்ல இன்னா போட்டுகீது?” என்று கேட்டான்.

“கோட்டிங்குன்னு போட்டுகீதாம். பையன் ஒருத்தன் படிச்சி சொன்னான்.”

“அப்ப எறங்கு.”

“நீ கட்டி வச்சிகீற இல்ல?”

“கீது.”

முத்துசாமி தலையாட்டிவிட்டுக் குழம்பு கேட்டார். செங்கம்மாள் ஊற்றினாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு சுப்புராமனின் ஆட்கள் மூன்று பிளாக்குகளின் மொட்டைமாடித் தொட்டிகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அவர்கள் தாளில் அப்படித்தான் இருந்தது. டேங்குக்குள் இரண்டு பேர். குழாய் வாய்க்கு நேராகத் தரையில் நின்று ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒடிசாக்காரர். முத்துசாமி சுவரில் குறி போடச் சுண்ணாம்புக்கட்டி எடுப்பதற்காக ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே ஓட்டை அருகே விளக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற லட்சுமணன்தான் எல்லாவற்றையும் பார்த்தவன். செங்கல் அடைப்பு ஒரு சத்தத்தோடு பிய்ந்துகொண்டு வந்தது என்றும், கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது என்றும், முழங்கால் அளவு கூட இருக்காது என்றும் அவன் சொன்னான். ஒடிசாக்காரர் தண்ணீரில் மூழ்கவில்லை. தண்ணீரோடு வந்த விஷவாயு மூக்கில் ஏறியதும், நின்ற இடத்தில் வெட்டிப் போட்டதுபோல விழுந்தார். முத்துசாமிக்கு மேலே இன்னும் நாலு படிதான் இருந்தது. அவர் மேலே பார்த்தார். லட்சுமணன் கை நீட்டினான். அவர் கீழே இறங்கிப் போனார். விழுந்தவரின் சட்டையைப் பிடித்து ஏணிப் பக்கம் இரண்டு எட்டு இழுத்தார். அப்புறம் அவரும் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். இறங்கப் போன லட்சுமணனை மூன்று பேர் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள்.

மூச்சுக்கருவி மாட்டியவர்கள் வந்து மேலே எடுத்துப் போட்டபோது தாமோதரன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அண்ணனின் பையில் டெம்போ பாஸும் பீடிக்கட்டும் இருந்தன. டப்பாச் சோறு டேங்க் ஓரத்தில் நிழலில் அப்படியே இருந்தது.

உடல்களைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறப்போன தாமோதரனை வெங்கடராகவன் தோளில் கை வைத்து நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. அண்ணன் என்று தனக்குத் தெரியாதே என்று சொன்னார். பிறகு அவனை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நாளைக்கு அதிகாரிகள் வருவார்கள், முதலில் கேட்பது ஃபைலைத்தான் என்றார்.

“அந்த லிங்க் வெள்ளிக்கிழம மூணு பத்துக்கு எடுத்துருக்கு. யாரோட லாகின்னு உங்களுக்கே தெரியும். நான் எழுத்துல எதுவும் குடுக்கல. போனவர் போயிட்டார். இருக்கறவங்களுக்கு நீங்க வேணும்.”

மணி நாலு. பிணக்கிடங்கு வாசலில் செங்கம்மாளும் சாருலதாவும் உட்கார்ந்திருந்த நேரம். தாமோதரன் கம்ப்யூட்டரின் தேதியைப் போன வெள்ளிக்கிழமைக்குப் பின்னோக்கி நகர்த்தி வைத்தான். பழைய பிரதி ஒன்றைத் திறந்து, டேங்க் பூச்சுக்குப் பதினேழாம் தேதி முதல் இருபத்தேழு வரை வேலை நிறுத்தம் என்று ஓர் இடைவெளி போட்டான். காரணம்: சுவரில் ஈரம். ஆட்கள் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே ஆளில்லை என்றால் லிங்க் எடுத்ததும் தப்பில்லை என்று ஆகிவிடும். சேமித்தான். அச்செடுத்தான். சைட்டில் ஒட்டியிருந்த பழைய தாள்களைச் சேப்டி ஆபீசர் அதற்குள் கிழித்துவிட்டிருந்தார். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின் அவன் செங்கல்பட்டுக்குப் போனான். செங்கம்மாள் அவனைப் பார்த்ததும் அவன் காலருகே விழுந்து அழுதாள். அவன் அவளைத் தூக்கவில்லை, தெய்வநாயகிதான் தூக்கினாள்.

ஒடிசாக்காரரின் பெயரை மூன்று ரிஜிஸ்டரில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். எது சரி என்று கேட்க ஆளில்லை. ஊரிலிருந்து ஒரு மைத்துனன் வந்து உடலை ரயிலில் கொண்டுபோனான்.

பத்தொன்பது நாள் கழித்து விசாரணை. திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. வெளியே புல்தரையைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் துறை அதிகாரி வயதானவர், நிதானமானவர். செங்கம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் படிக்கத் தெரியாது என்றதும், வீட்டு ஆளே படித்துச் சொல்லட்டும் என்று விசாரணை அறிக்கையைத் தாமோதரனிடம் நீட்டினார்.

அவன் படித்தான். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார் அதிகாரி. தாமோதரன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“பதினேழாந் தேதிலருந்து உள்ள எறங்கக் கூடாதுன்னு தாள்ல போட்டுகீது, அண்ணி. அண்ணன் யார்கிட்டயும் கேக்காம எறங்கிட்டாரு.”

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வீட்டில் உங்கள் கணவர் வேலையைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று அதிகாரி கேட்டார். செங்கம்மாள் தாமோதரனைப் பார்த்தாள். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெங்கடராகவன் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

“ஒண்ணும் பேசல சார்,” என்றாள் செங்கம்மாள். “சாப்ட்டாரு, படுத்தாரு.”

சாருலதா சொல்லிக்கொடுத்திருந்த ஆறு எழுத்தைக் கோணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி கார் தயாராக இருந்தது. வேண்டாம் என்று ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறினாள். தாமோதரன் பின்னாலேயே ஏறினான். திருப்போரூர் தாண்டி, சவுக்குத் தோப்புகள் தாண்டி, பூஞ்சேரி வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. அவள் பின்பக்கம் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள். தாமோதரன் கொஞ்ச தூரத்தில் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் நின்றான். அவன் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது இந்தக் குடும்பத்துக்கு வந்தவள். அன்று முதல் நீ, வா, போ என்றே அவனைக் கூப்பிட்டவள்.

“நான் சொல்லியிருந்தா உங்கள இன்னா பண்ணியிருப்பாங்க?” என்று கேட்டாள்.

அந்த ‘உங்கள’ அவனை அடித்தது. பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றான்.

“எத்தினி வருசம்?”

“ரெண்டு வருசம் போடலாம்.”

அவள் களைந்த தண்ணீரைச் செடி மேல் ஊற்றினாள். “ரெண்டு வருசம் உள்ள குந்திட்டு, அதான் அனுபவிச்சிட்டமேன்னு வெளிய வந்துருவீங்க. அதுக்கா நான் சொல்லுவேன்.”

அவள் மறுபடி அரிசியில் தண்ணீர் விட்டாள்.

“சாரு காலேஜ் முடிக்கட்டும். அன்னிக்கு அவகிட்ட நான் சொல்றேன். நீங்க முந்திக்கினு சொல்லிடக்கூடாது. வூட்ட வுட்டும் போகக்கூடாது. அவ இன்னிக்கு உங்கள எப்பிடிப் பாக்குறாளோ அப்பிடியே பாத்துகினு இருக்கட்டும்.”

டிசம்பர் பதினைந்தாம் தேதி திறப்பு விழா நடந்தது. பிப்ரவரியில் தாமோதரன் ஒரகடம் புரோகிராமுக்குத் தலைமைப் பிளானர் ஆனான். பதினோரு புராஜெக்டுகள். நன்றாகவே செய்தான். ஒரு லிங்க் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மேனேஜர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தான். அதைப் பாராட்டி அவனுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. கேட்காமல் இறங்கினான் என்பது பேராசையில் இறங்கினான் என்று ஆயிற்று. அப்புறம் குடித்துவிட்டு இறங்கினான் என்று ஆயிற்று. ஓர் ஒடிசாக்காரப் பிள்ளையையும் சேர்த்துக் கொன்றுவிட்டான் என்றார்கள். முத்துசாமி தீபாவளிக்குக்கூடக் குடித்தவரில்லை. தண்ணீர்ப் பைப்படியில் கன்னியம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி அதை முகத்துக்கு நேராகவே கேட்டபோது, செங்கம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று ராத்திரி தாமோதரனுக்குப் பரிமாறும்போது, கன்னியம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அவனிடம் ஒப்பித்தாள்.

தெய்வநாயகிக்கு என்னவோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. தனி வீடு பார்க்கலாம் என்று இரண்டு தரம் கேட்டாள். அவன் முடியாது என்றான். காரணம் கேட்டபோது எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அண்ணனுடைய குடும்பத்தை விட்டுப் போக மனமில்லாத நல்ல மனிதன் என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அதைச் சொல்லிப் பெருமைப்படவும் செய்தாள்.

சாருலதா அவனிடம் மேலும் ஒட்டிக்கொண்டாள். அப்பாவைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் முன்னால் தலை நிமிர அவளுக்கு இருந்தவன் சித்தப்பா ஒருவன்தான். காலேஜ் ஃபாரத்தில் கார்டியன் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினாள். இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம், ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்து வரும்போது, காற்றுச் சத்தத்தில் அவன் காதருகே குனிந்து கேட்டாள்.

“அப்பா ஏன் சித்தப்பா யாரையும் கேக்காம எறங்குனாரு?”

அவன் வண்டியை ஓரம் கட்டினான். வாயைத் திறந்தான். மூன்று லாரிகள் கடந்து போயின.

“வேல முடிக்கணும்னு அவசரம்மா,” என்றான்.

அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னாள். அப்பாவின் படத்தை அலமாரியின் உள்பக்கம் எடுத்து வைத்தாள். செங்கம்மாள் அதைத் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து தாமோதரன் எண்ணத் தொடங்கினான். ஆறாவது செமஸ்டர் 2009 ஏப்ரலில் முடியும். ரிசல்ட் மே கடைசியில் வரும். முதலில் அந்த நாள் வராமல் போகாதா என்று நினைத்தான். போகப் போக அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினான். அவள் காறித் துப்பட்டும், கல்லெடுத்து அடிக்கட்டும், போலீசுக்குப் போகட்டும். அதற்குப் பிறகாவது அண்ணி போடுகிற சோற்றை விழுங்க முடியாதா என்று இருந்தது. மூன்று வருஷத்தில் அவன் உடம்பு பாதியாகியிருந்தது. செங்கம்மாள் ஒரு வேளை விடாமல் அவனுக்குப் பரிமாறினாள். அண்ணன் உட்கார்ந்த இடத்தில்தான் அவனுக்கு இலை போட்டாள்.

மே இருபத்தெட்டாம் தேதி ரிசல்ட் வந்தது. சாருலதா முதல் வகுப்பு. சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலையும் கிடைத்திருந்தது. மத்தியானம் லட்டுப் பெட்டியோடு வந்தவள், முன்கட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் காலைத்தான் முதலில் தொட்டாள். உங்களால்தான் என்றாள். தெய்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாமோதரன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். செங்கம்மாள் வடைக்கு ஊறவைத்த பருப்பை அரைத்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். 

“அண்ணி, இன்னிக்கி. சொல்லிடுங்க.”

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். மாவுக் கையோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கடையில் காய்கறியை எடை போட்டுப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள்.

“இன்னிக்கா?” என்றாள். “குழந்த எவ்ளோ சந்தோசமா கீது. இன்னிக்கிப் போய் யாராவது சொல்லுவாங்களா.”

“முடியல அண்ணி. நானே சொல்லிடறேன்.”

“சொல்லுங்களேன். தோ, கூடத்துலதான் கீறா.”

அவன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். சாருலதா அவன் மகனுக்கு லட்டு ஊட்டிக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கேயே நின்றான். செங்கம்மாள் அவன் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

“அவளுக்குக் கல்யாணம் ஆவட்டும். மனையில அவங்கப்பன் எடத்துல நீங்கதான நிக்கணும். நின்னு, புடிச்சிக் குடுங்க. ஒரு புள்ள பொறக்கட்டும். உங்க மடியில போட்டுத்தான் காது குத்துவா. அப்புறம் பாக்கலாம். அவசரம் இன்னா.”

கூடத்திலிருந்து சாருலதா கூப்பிட்டாள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சித்தப்பாவுக்குத்தான் முதலில் போட வேண்டும் என்றாள். செங்கம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, இலையை எடுத்துத் துடைத்து, அவன் இடத்தில் விரித்தாள். அவன் உட்கார்ந்தான். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். போதுமா என்று கேட்டாள். போதும் என்றான். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள்.